நாலடிப் பனியும் ஒரு கொடிக்கயிறும்

மார்கழி விடியலில் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ‘யப்பா, என்னமா பனி கொட்டுது!’ என்று சொல்கிற ஆசாமிகளில் நானும் ஒருவனாக இருந்தேன். 2022 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். கொட்டுவது என்றால் என்னவென்று நேரில் பார்த்துவிட்டதால்!

அக்கா இருப்பது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில். உடனே கையில் தீவட்டியோடு நிற்கும் சிலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கிருந்து காரில் ஏழு மணி நேரம் போனால் பஃபலோ என்று ஒரு ஊர். பேரை நம்பி எருமை தேடினேன், கண்ணில் படவில்லை. பக்கத்திலேயே நயாகரா. இந்தப் பக்கம் ஈரி என்று ஒரு ஏரி. ஏரி என்றால் நம்ம வீராணம் மாதிரி இல்லை ஸார். நீளம் மட்டும் 388 கிலோமீட்டர். சென்னையில் ஆரம்பித்தால் திருச்சியைத் தாண்டிவிடும்.

வில்லங்கமே அந்த ஏரிதான். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், இட்லிக் குண்டானைக் காட்டி விளக்கினார். ‘‘ஏரித் தண்ணி இன்னும் உறையலை. மேல போற காத்தைவிட அது சூடு. ஆவி கிளம்புது. கனடா பக்கமிருந்து வர்ற குளிர்காத்து அதை அள்ளிக்கிட்டு ஏரியோட நீளம் பூரா ஓடி வருது. கரை வந்ததும் மொத்தத்தையும் கொட்டிடும். அந்தக் கரையிலதான் நாம குடியிருக்கோம்.’’

இந்த மேகம் ரொம்பக் குறுகலான பட்டையாக வருமாம். ஒரு தெருவில் ஆள் உயரத்துக்குக் கொட்டும்போது, பத்து மைல் தள்ளி வெயில் அடிக்கும். பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், இப்படி ஓரவஞ்சனையான வருமானப் பங்கீட்டை நான் எந்தப் பார்ட்னர்ஷிப் கணக்கிலும் பார்த்ததில்லை.

டிசம்பர் 22, வியாழக்கிழமை. டி.வி.யில் வானிலைக்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். கடைக்குப் போனோம். பால் இல்லை, பிரெட் இல்லை. அக்கா கவலையே படவில்லை. இட்லிக்கு அரைத்துவிட்டாள். அங்கே குளிரில் மாவு புளிக்காது. அவனுக்குள் பாத்திரத்தை வைத்து, அடுப்பைப் போடாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் எரியவிட்டால் காலையில் பொங்கி நிற்கும். பஃபலோ தமிழர்களின் விஞ்ஞானம்!

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். வெள்ளைக்காரப் பாட்டி, எண்பது வயசுக்கு மேல், தனியாக இருக்கிறார். இரண்டே விஷயம் சொன்னார். ஒன்று, பனி அள்ளும் ஷவலை காரேஜில் வைக்காதே, வீட்டுக்குள் வை. இரண்டு, பக்கவாட்டுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களை மணிக்கொரு தரம் போய்ப் பார். அத்தான் தலையை ஆட்டினார். நான் மனசுக்குள் சிரித்தேன். மன்னார்குடிக்காரன் ஸார் நான். 2018-ல் கஜா புயலில் தென்னை முறிந்து விழுகிற சத்தத்தை ராத்திரி பூரா கேட்டவன். எனக்குப் பாட்டி புயல் சொல்லித் தருவதா?

வெள்ளிக்கிழமை காலையில் மழைதான் பெய்தது. ‘இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?’ என்றேன். காலை 9.30 மணியிலிருந்து யாரும் வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்குள் பாதிப் பேர் ஆபீஸுக்குக் கிளம்பிப் போயாகிவிட்டது. (அந்தத் தாமதத்துக்காக அப்புறம் நிறையத் திட்டு விழுந்தது.) நல்லவேளை, அத்தானுக்கு அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை.

மத்தியானத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்த உலகத்தைக் காணோம். எதிர் வீடு இல்லை, மரம் இல்லை, வாசலில் நின்ற கார் இல்லை. யாரோ கண்ணாடிமேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தியது மாதிரி. சத்தம் மட்டும் இருந்தது, லாரி ஒன்று முதல் கியரிலேயே ஏறிக்கொண்டிருப்பதுபோல, நிற்காமல்.

ப்ளிஸார்ட் என்கிற பட்டத்தைச் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். காற்று மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது, கால் மைலுக்கு மேல் கண் தெரியக் கூடாது, இது மூன்று மணி நேரம் தொடர வேண்டும். பஃபலோவில் 37 மணி நேரம் தொடர்ந்தது.

சனிக்கிழமை காலை வாசல் கதவைத் திறக்கப் பார்த்தேன். அந்த வீட்டில் வெளிக்கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். இடுப்பளவு பனி வந்து அணைத்துக்கொண்டிருக்கிறது, அசையவில்லை. ஷவலை ஏன் வீட்டுக்குள் வைக்கச் சொன்னார் பாட்டி என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பின்கதவு காற்றுக்கு மறைவான பக்கம் என்பதால், அதை ஒரு சாண் திறந்து, சந்து வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வழி பண்ணினோம். வழி என்றால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு.

‘‘பால் தீர்ந்துபோச்சு. நான் வேணா நடந்தே போய்ட்டு வரட்டுமா?’’ என்றேன், கஜா வீரனாக.

அத்தான் பதில் சொல்லாமல் டி.வி.யைக் காட்டினார். தீயணைப்பு வண்டியே பனியில் மாட்டிக்கொண்டு நின்றது. ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. அதை மீட்கப் போன வண்டியும் மாட்டிக்கொண்டது. நான் கறுப்புக் காப்பி குடித்தேன்.

நம் ஊர்ப் புயலில் காற்று நின்றதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவோம். எந்த மரம் போச்சு, யார் வீட்டு ஓடு போச்சு என்று பார்ப்பதுதான் நமக்குத் தைரியம். அங்கே தைரியம் என்பது சோபாவில் உட்கார்ந்திருப்பது. இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள், கஷ்டம் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா பெண் தலைவலி என்றாள். பதிமூன்று வயசு. ‘‘நாள் பூரா செல்போனை நோண்டினா வலிக்காம என்ன செய்யும்?’’ என்று மாமன் உரிமையில் அட்வைஸ் பண்ணினேன். அக்காவுக்கும் லேசாகக் கிறுகிறுப்பு. ப்ரஷர் மாத்திரை போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒரு மாதிரி குமட்டல். மூன்று வேளையும் இட்லி தின்றால் வராதா என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி எட்டரைக்கு அலாரம் அலறியது.

அந்த வீட்டில் அலாரம் அலறுவது அதிசயமே இல்லை. கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப்போட்டால் போதும், கூரையில் இருக்கும் புகை அலாரம் ஊரைக் கூட்டும். துண்டை எடுத்து அதற்குக் கீழே நின்று விசிறுவது மருமகளின் டியூட்டி. அவள் படுத்திருந்ததால் நானே துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

அக்கா அடுப்பு பக்கமே இல்லை. ஹாலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

‘‘டேய்... நான் தாளிக்கவே இல்லையேடா!’’

அத்தான் மாடிப்படியில் இறங்கி வந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ‘‘நாலு நாலா அடிக்குது. இது புகை அலாரம் இல்லை. கார்பன் மோனாக்ஸைடு.’’

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வெந்நீர் ஹீட்டரும் காஸில் எரிகின்றன. எரிந்த கழிவுக் காற்று வெளியே போகத்தான் பக்கவாட்டுச் சுவரில் அந்தக் குழாய்கள். பனி குவிந்து அதன் வாயை அடைத்துவிட்டால் கழிவு வீட்டுக்குள்ளேயே தேங்கும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்தில் போனவர்கள் பலர். 2009 ஜனவரியில், இதே பஃபலோ பக்கத்தில், தோழி வீட்டில் படுக்கப் போன பதினாறு வயசுப் பெண் ஒருத்தி பாய்லர் கோளாறால் அப்படித்தான் போனாள். அவள் பேரிலேயே ‘அமாண்டா சட்டம்’ என்று 2010-ல் கொண்டுவந்து, அந்த மாநிலத்து வீடுகளில் இந்த அலாரத்தைக் கட்டாயமாக்கினார்கள். சுவரில் கத்திக்கொண்டிருந்தது அந்தச் சட்டம்தான்.

அத்தான் எல்லாவற்றையும் அணைத்தார். ஜன்னல்களைத் திறந்தோம். அவசர உதவிக்கு போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினார். எல்லோரும் நல்ல காற்றுக்கு வந்துவிடுங்கள், வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வழியில்லை. மருமகளை இரண்டு ரஜாய் சுற்றித் திறந்த ஜன்னல் ஓரம் உட்கார வைத்தோம். பனி உள்ளே வந்து கார்ப்பெட்டில் விழுந்தது.

அத்தான் ஷவலை எடுத்தார். அக்கா பின்கதவுக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டாள்.

‘‘மார்ச் மாசம்தான் ஸ்டென்ட் வெச்சிருக்கு. நீங்க ஷவலைத் தொடக் கூடாது.’’

‘‘பத்து நிமிஷ வேலைம்மா.’’

‘‘அந்தப் பத்து நிமிஷத்துலதான் போறாங்க, வருஷா வருஷம் பேப்பர்ல பாக்கறேன்ல!’’

அவள் சொன்னது நிஜம். பனி அள்ளும்போது மாரடைப்பில் விழுகிறவர்கள் அங்கே நிறைய. கடுங்குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், கனமான பனியைத் தூக்குகிற தம் வேறு.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் அதுவரை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பனியைத் தொட்டவன் நான். அத்தானின் கோட்டு, அத்தானின் பூட்ஸ், என் சொந்த மங்கி குல்லா. கிளம்பும்போது அக்கா, ‘‘இருடா’’ என்று உள்ளே ஓடி, ஊரிலிருந்து கொண்டுபோன நைலான் கொடிக்கயிற்றை எடுத்து வந்தாள். துணி காயப்போட வாங்கியது. காயப்போட மெஷின் இருப்பதால் பிரிக்காமலே கிடந்தது. ஒரு முனையை என் இடுப்பில் கட்டினாள். மறுமுனையைத் தன் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

‘‘ரெண்டு தடவை சுண்டினா இழுத்துடறேன்.’’

பின்கதவிலிருந்து குழாய்க்குப் பன்னிரண்டு எட்டு. கோடையில் அந்தச் சுவர் ஓரம் அக்கா தக்காளிச் செடி வைப்பாளாம். முதல் எட்டிலேயே தொடைவரை இறங்கினேன். டார்ச் அடித்தால் வெளிச்சம் திரும்பி என் முகத்திலேயே அடித்தது. என் கையை எனக்குத் தெரியவில்லை. மூக்குக்குள் ஈரம் உறைந்து முள் மாதிரி குத்தியது. சுவரைத் தடவிக்கொண்டே போனேன். எட்டு எண்ணினேனா ஒன்பது எண்ணினேனா என்று மறந்துபோனது. கடன் எழுதிய நோட்டைத் தொலைத்த மாதிரி ஒரு பயம்.

குழாய் தட்டுப்பட்டது. அதாவது அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. மேலே மிருது, உள்ளே ஐஸ். ஷவலால் கொத்தினால் குழாய் உடையும் என்று கையாலேயே பறித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு வாயும் திறந்ததும் நிமிர்ந்து, ஒரே ஒரு தரம் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

அவ்வளவுதான். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

கையை நீட்டினேன், சுவர் இல்லை. ஒரு எட்டு வைத்தேன், அங்கும் இல்லை. கயிற்றை இரண்டு தரம் சுண்டினேன். இடுப்பில் இழுவை வந்தது, ஆனால் நான் நினைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து! அது தப்பு என்று நான் கோர்ட்டில் சத்தியம் பண்ணியிருப்பேன். இழுத்தது அக்கா என்பதால் போனேன்.

அன்றைக்கு ராத்திரி நாலு பேரும் ஹாலில் ஒரே படுக்கை. அலாரம் அடங்கி, காற்று மாறிய பிறகுதான் ஜன்னலைச் சாத்தினோம். ஃபர்னஸைத் தொடவில்லை. குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க, எல்லாக் குழாயையும் நூல் மாதிரி ஒழுகவிட்டு, தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தார் அத்தான். இரண்டு மணிக்கொரு தரம் நான் கயிறு கட்டிக்கொண்டு போய்க் குழாயைத் துடைத்தேன். விடிந்ததும் ஃபர்னஸைப் போட்டுவிட்டு, சுவரில் இருந்த மீட்டரையே முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பேலன்ஸ் ஷீட்டில்கூட பூஜ்யத்தை நான் அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை. மருமகள் கிறிஸ்துமஸ் அன்று காலை, ‘‘தலைவலி போயிடுச்சு மாமா. செல்போன் பாக்கலாமா?’’ என்றாள். நான் வாயையே திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்றார்.

விமான நிலையத்தில் அளந்தபோது மொத்தம் 51.9 அங்குலம். நாலடிக்கு மேல். அந்தப் புயலில் அங்கே இறந்தவர்கள் நாற்பதுக்கும் மேல். மாட்டிக்கொண்ட கார்களில், தெருவில், சூடில்லாத வீடுகளில், பனி அள்ளும்போது. பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சீக்டோவாகாவில் ஒரு மெக்கானிக், பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து, தெருவில் மாட்டியிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே சேர்த்துக் காப்பாற்றினார். போகும்போது, உடைத்ததற்கும் சாப்பாடு எடுத்ததற்கும் மன்னிப்புக் கேட்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். போலீஸ் அவரைத் தேடியது, நன்றி சொல்ல! வில்லியம்ஸ்வில்லில் வேன் மாட்டிக்கொண்ட தென்கொரியச் சுற்றுலாக்காரர்கள், ஷவல் இரவல் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இரண்டு ராத்திரி அங்கேயே தங்கி, கொரியச் சமையல் செய்து வீட்டுக்காரர்களுக்கும் போட்டார்கள்.

பாதை வெட்டியதும் பாட்டி வீட்டுக்கு இட்லி எடுத்துப் போனேன். இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டு 1977 ஜனவரியில் வந்த புயலைப் பற்றிச் சொன்னார். உறைந்த ஏரியின்மேல் கிடந்த பனியையே காற்று வாரிக்கொண்டு வந்து ஊரில் கொட்டியதாம். மிருகக்காட்சிசாலையில் வேலி உயரத்துக்குப் பனி குவிந்து, மூன்று கலைமான்கள் அதன்மேல் ஏறி நடந்தே வெளியே போய்விட்டனவாம். பாட்டி சிரித்தார். அப்புறம், ‘‘குழாயைப் பார்த்தாயா?’’ என்றார். ‘‘பார்த்தேன்’’ என்றேன். எப்போது என்று சொல்லவில்லை.

அந்தக் கயிறு இப்போதும் பின்கதவுப் பக்கம் ஆணியில் தொங்குகிறதாம். பாட்டிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமாம், அக்கா போனில் சொன்னாள். மன்னார்குடி கடைத்தெருவில் இருபது மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளை வேண்டாம் என்று சொல்லி நீலமாகக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர், ‘‘வெள்ளைதான் சார் துணியில சாயம் ஒட்டாது’’ என்றார்.