எந்தப் பிரிவா இருந்தா அவருக்கென்ன?

ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு சனி, ஞாயிறுல இன்னொரு ஆணி சேர்ந்துச்சு மக்களே. நிலத்தடி நீரை ஆராயும், லாப நோக்கமில்லாத ஒரு சின்ன நிறுவனம் (பேர் வேணாமே). தேடினது சட்டுனு கிடைக்கிற மாதிரி அவங்க இணையதளத்தை மாத்தித் தரணும். சம்பளம் ஃபில்டர் காபி :-)

பழைய மெனுவில் முதலில் இயக்குநர் உரை. அடுத்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பக்கம். அதுக்குள்ள, யார் நிதி கொடுத்தாங்களோ அந்த வரிசையில் அறிக்கைகள். தர்மபுரிப் பக்கம் ஒருத்தர் தன் ஊர்த் தண்ணியில் ஃப்ளோரைடு எவ்வளவுன்னு பார்க்க வர்றார்னு வைங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினா பல்லும் எலும்பும் பாதிக்கும். அவருக்கு வேண்டிய அறிக்கை தளத்தில் இருக்கு, ஆறு க்ளிக் தள்ளி! எந்தப் பிரிவு, யார் காசுன்னு அவருக்கெப்படித் தெரியும்?

ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள்ள யார் யாரோட பேசுறாங்களோ அதே வடிவத்தில்தான் வரும்னு மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிட்டார். மெனுவுக்கும் அதே கதைதான்.

நான் பண்ணது பழைய வைத்தியம். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் ஒரு அட்டையில் எழுதி, ஒரு ஆராய்ச்சி மாணவி, ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு நிருபர்னு சிலரிடம் கொடுத்து, "உங்களுக்குத் தோணுற மாதிரி பிரிச்சு அடுக்குங்க"ன்னேன். எல்லாரும் மாவட்டவாரியா, இல்லேன்னா பிரச்னைவாரியா அடுக்கினாங்க. பிரிவுவாரியா ஒருத்தர்கூட இல்லை.

புது மெனுவைப் பார்த்ததும் இயக்குநர் முகம் சுருங்கிடுச்சு. "தம்பி, ஒவ்வொரு பிரிவும் பல வருஷ உழைப்பு. பேரையே தூக்கிட்டீங்களே?" நியாயமான கேள்வி. "தூக்கலை சார், இடம்தான் மாத்தியிருக்கேன்"னு காட்டினேன். ஒவ்வொரு அறிக்கையின் தலைப்புக்குக் கீழேயே பிரிவின் பேர், ஆராய்ச்சியாளர்கள் பேர். படிக்கிறவர் கண்ணில் இப்பதான் அது படும். சமாதானமாகி, தன் உரையையும் 'எங்களைப் பற்றி'க்குள் அனுப்பச் சம்மதிச்சார்.

ரெண்டு வேலை வெளியே தெரியாது. பழைய தமிழ்ச் சுருக்கங்கள் டாம் குறியாக்கத்தில் கிடந்தன. யூனிகோடில் தட்டித் தேடினா பூஜ்ஜியம்தான் வரும். எல்லாத்தையும் மாத்தினேன். அப்புறம், பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் 301 போட்டுப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். யாரோ ஒருத்தர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அந்தச் சுட்டி இருக்கும், அது செத்துடக்கூடாது இல்லையா?

இதெல்லாம் புதுசுன்னு நினைக்காதீங்க. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நாலாவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது பத்தி. க்ளிக்கும் நேரம்தானே?

உங்க கம்பெனி தளத்தையும் ஒருதரம் திறந்து பாருங்க. மெனுவில் இருக்கிறது வர்றவங்களோட கேள்வியா, உங்க டிபார்ட்மென்ட் பட்டியலா?