ஆம்பூர்க் கரட்டில் சப்பாத்திக்கள்ளி

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் சாலையில் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் ஆவாரஞ்செடிகள் கண்ணில் படத் தொடங்கும். இந்தப் பக்கத்துத் தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆதாரமே ஆவாரம் பட்டைதான். குரோமியம் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பட்டைக்காக வெட்டுவார் குறைந்த பிறகும் ஆவாரை அதே கரம்பில், அதே மஞ்சளில் பூத்துக் கிடக்கிறது. நான் தேடிப் போனது ஆவாரைக்குப் பக்கத்திலேயே வளரும் இன்னொரு செடியை. சப்பாத்திக்கள்ளியை.

சென்னையில் என் மொட்டைமாடியில் பல வருடங்களாகக் கள்ளி வளர்க்கிறேன். தொட்டியில் வளர்ப்பவனுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. செடி எதைத் தாங்கும், எதற்குச் சாகும் என்பதைத் தொட்டி முழுதாகச் சொல்லாது. அதற்குக் கரட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆம்பூரிலிருந்து நாயக்கனேரி மலைப்பக்கம் போகும் வழியில், ஊர் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய புதர் நின்றது. இடுப்பு உயரம். மடல் மடலாக ஏறி, ஓரங்களில் கருஞ்சிவப்புப் பழங்கள். வேர் பிடித்திருந்த இடம் பாறை வெடிப்பு. அதில் கைப்பிடி மண்ணும் சரளையும்தான். எவ்வளவு மழை கொட்டினாலும் வெடிப்பில் தண்ணீர் நிற்காது, வழிந்து ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என் தொட்டிச் செடிகள் அடித்தண்டு அழுகிச் சரிகின்றன. அதே மழையில் கரட்டுக் கள்ளி கொழுத்து நிற்பதன் காரணம் இந்த வெடிப்புதான். அதன் வேர்கள் ஆழம் போவதில்லை. மேல்மண்ணிலேயே அகலமாகப் படர்ந்து, ஈரம் பட்டதும் புது நுண்வேர் விட்டு, கிடைத்ததை உறிஞ்சி மடலில் சேர்த்துவிடும். ஈரம் போனதும் அந்த நுண்வேர்கள் காய்ந்து விழும்.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, கள்ளியப் போட்டோ புடிக்கற?”

“பழம் துன்ற பக்குவமான்னு பாக்கறேன் பாட்டி.”

“நல்லா செவந்துதான் கீது. மண்ணுல போட்டு நல்லா தேச்சிட்டு, உள்ள கீற முள்ள எடுத்துட்டுத் துன்னு. இல்லாட்டி தொண்டைல குத்திக்கும்.”

பெரிய முள்ளைவிடக் கெட்டது பழத்தின் மேலிருக்கும் சுணை. விரலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும். மண்ணில் தேய்ப்பது அதற்குத்தான். பாட்டி சொன்னபடி செய்து தின்றேன். நாக்கும் உதடும் சிவந்தன. புளிப்பில்லாத, விதை நிறைந்த, லேசான இனிப்பு.

புளிப்பு இருப்பது மடலில், அதுவும் விடியற்காலையில். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கும். கள்ளி பகலில் திறந்தால் இந்த வெயிலில் தண்ணீரெல்லாம் ஆவியாகிவிடும். ஆகவே இரவில் திறந்து, வாங்கிய வாயுவை அமிலமாக்கி வைத்துக்கொள்கிறது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அமிலத்தை எடுத்து உணவு சமைக்கிறது. இதை நாவால் முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர் நம் மண்ணில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து தாவரவியலாளரான பெஞ்சமின் ஹெய்ன், இதே பழக்கமுள்ள இரணக்கள்ளியின் இலை காலையில் புளித்து மதியத்தில் சப்பென்று ஆவதைக் கண்டு எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது 1815இல் வெளியானது. அந்தத் துறையின் வரலாறு இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. தமிழ்நாட்டுத் தாவரவியல் வகுப்புகளில் ஹெய்ன் பெயர் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

புதரின் மறுபக்கம் போனபோது மடல்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. “அது கள்ளிக்கு வர்ற சீக்கு. வந்துச்சின்னா மொத்தமா காஞ்சிப் பூடும்” என்றார் பாட்டி. ஒரு பஞ்சுத் திட்டை விரலால் நசுக்கினேன். குங்குமம் கரைத்ததுபோல் விரல் முழுக்கச் சிவந்தது. பஞ்சுக்குள் இருப்பது பூச்சி. அதன் உடம்பில் இருப்பது கார்மினிக் அமிலம், ஒரு காலத்தில் ஸ்பெயினுக்குப் பெரும் செல்வம் தந்த மெக்சிகோவின் சாயம்.

அந்தச் சாயத்துக்கு ஆசைப்பட்டுத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பூச்சியைக் கொண்டுவந்தது. சென்னையில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களில் இதில் முனைந்து, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்தது மெக்சிகோவின் உயர்ந்த சாயப்பூச்சி இல்லை, அதன் காட்டு உறவு. சாயம் மட்டம், வியாபாரம் படுத்தது. பூச்சி மட்டும் தன் வேலையைச் செய்தது. அது தின்னும் கள்ளி வகை ஒன்றே ஒன்று. தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த அந்த வகையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏறக்குறைய துடைத்துவிட்டது. காலியான இடத்தில் இன்னொரு வகை பெருகியது. இன்று நாம் பார்க்கும், மஞ்சள் பூவும் கருஞ்சிவப்புப் பழமும் கொண்ட சப்பாத்திக்கள்ளி அதுதான். முதல் பூச்சி இதைத் தொடவில்லை. வயலும் மேய்ச்சல் நிலமும் கள்ளிக்காடாக மாறவே, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சியை வரவழைத்து விட்டார்கள். சில வருடங்களில் காடு காடாகக் கள்ளி சரிந்தது. ஒரு செடியை அழிக்க ஒரு பூச்சியை ஏவி வென்றதற்கு உலகம் காட்டும் முன்மாதிரிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பஞ்சு இன்னும் இந்தக் கரட்டில் வாழ்கிறது.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை? முள்ளில்லாத கள்ளியைத் தரிசு நிலங்களில் தீவனத்துக்காக நட வேண்டும் என்று மத்திய அரசின் நில வளத் துறையே சில வருடங்களாகச் சொல்லி வருகிறது. நல்ல யோசனை. கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீரும் தீனியும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் தரிசு என்றதும் மனம் தோல்பட்டறைகளைச் சுற்றிய நிலத்துக்குத்தான் போகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாகக் குறிப்பிடுகிறது. அந்த நிலத்தைக் கெடுத்தது குரோமியம் மட்டும் இல்லை. பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவி வரும், பட்டறையில் ஊறவைத்ததும் அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு வெளியேறும். “கள்ளி எங்கே வேண்டுமானாலும் வரும், அங்கே நடலாம்” என்று ஆம்பூர் டீக்கடையில் ஒருவர் என்னிடம் உறுதியாகச் சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வறட்சியைத் தாங்குவது வேறு, உப்பைத் தாங்குவது வேறு. நம் கரட்டுச் சப்பாத்திக்கள்ளி கரீபியன் கடற்கரைச் செடி, உப்புக்காற்று அதற்குப் பழக்கம். தீவனத்துக்கு நடும் முள்ளில்லா வகையோ மெக்சிகோவிலிருந்து வந்தது. மண்ணில் உப்பு ஏறினால் அதன் வேர் வளர்ச்சி சுருங்கும், புது மடல் விடுவது குறையும்.

உப்பில்லாத கரடுகளில் நடலாமா? நடலாம். நான் வளர்த்த அளவில் முறை எளிது. முற்றிய மடலை ஒடித்து, வெட்டுவாய் நன்றாகக் காயும்வரை நிழலில் போட வேண்டும். பிறகு மடலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி செங்குத்தாக, சரளை கலந்த சரிவில் நட வேண்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் காட்டாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. கை தானாகக் குடத்தைத் தேடும்.

ஆனால் பஞ்சு இருக்கிறதே. 1926இல் நாம் வரவழைத்த அதே இனம் முள்ளில்லா வகையையும் தின்னும். மொராக்கோவில் 2014இல் தென்பட்ட அந்தப் பூச்சி சில வருடங்களில் கள்ளித் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. பூச்சியைத் தாங்கி நின்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் அங்கே மறுபடி நடுகிறார்கள். மொராக்கோவுக்குப் புதிதாக வந்த எதிரி ஆம்பூர்க் கரட்டில் நூறு வருடமாகக் குடியிருக்கிறது. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து விவசாயிக்கு யாராவது கள்ளி மடல் கொடுக்க வந்தால், மண்ணின் உப்பைச் சோதித்தீர்களா, இந்த ரகம் பஞ்சைத் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்க வேண்டும். பதில் தெரியாதவரிடம் மடலை வாங்கக் கூடாது.