பெயரில்லாமல் வாழ்ந்த மீன்

மாசிப் பனி விலகிப் பங்குனி வெயில் ஏறும்போது மைசூர்ப் பக்கத்துக் காவிரியில் தண்ணீர் இறங்கும். பாறைகள் தலைகாட்டும். எது ஓட்டம், எது மடு என்பது கரையில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். தூண்டில்காரர்கள் காத்திருக்கும் பருவம் அது.

சொந்த ஊரில் இளவேனில் பிறந்ததும் செயற்கைப் பூச்சியை ஓடையில் வீசி ட்ரவுட் பிடித்துப் பழகிய வெள்ளைக்காரர்கள், இங்கு வந்த பிறகும் அந்த ஏக்கம் தீராமல் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். நீலகிரிக்கு வடக்கே, மைசூர் சமஸ்தானத்தில் அந்தச் சிரமம் தேவைப்படவில்லை. அங்கே மாசீர் இருந்தது.

மாசீர் கெண்டை இனம்தான். ஆனால் வீட்டுக் குழம்பில் பார்க்கிற கெண்டையை மறந்துவிட வேண்டும். காவிரி மாசீருக்கு முதுகில் திமில். உடம்பில் ஆளை இழுத்துச் செல்லும் பலம். 1919-ல் ரிவெட்-கார்னாக் என்ற ராணுவ அதிகாரி காவிரியில் பிடித்தது 119 பவுண்டு. 1946-ல் டி வெட் வான் இஞ்சன் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. இந்த வான் இஞ்சன்கள் மைசூர்வாசிகள். மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்டு வீழ்த்திய புலிகளைப் பாடம் பண்ணிக் கொடுத்து உலகப் புகழ் பெற்ற குடும்பம்.

சுதந்திரத்துக்குப் பிறகு தூண்டில்காரர்கள் குறைந்தார்கள். வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் பெருகினார்கள். பெரிய மாசீர் ஒழிந்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். 1970களின் இறுதியில் மாசீரைத் தேடி வந்த மூன்று ஆங்கிலேய இளைஞர்கள், அது இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். அதன்பின் சிவனசமுத்திரத்துக்குக் கீழே பீமேஸ்வரி, காலிபோர் என்று ஆற்றோர முகாம்கள் எழுந்தன. பரிசலில் போய், வேகவைத்துப் பிசைந்த ராகி உருண்டையைத் தூண்டில் முள்ளில் பொதிந்து வீசுவார்கள். மீன் சிக்கினால் கரை சேர்க்க நெடுநேரப் போராட்டம். பிறகு எடை பார்த்து, படம் எடுத்து, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். நேற்றுவரை திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களில் சிலர் சம்பளம் வாங்கும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள்.

இன்னொன்றும் நடந்தது. முகாமில் ஒரு பதிவேடு இருந்தது. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை என்று அதில் எழுதி வைத்தார்கள். பெருமைக்காக எழுதிய கணக்குதான். ஆனால் 1998 முதல் 2012 வரையிலான காலிபோர் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் புரட்டியபோது, அதில் ஒரு துக்கச் செய்தி இருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களில் திமில் மாசீரின் பங்கு வெகு சொற்பம். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. ஆனால் சிக்கிய ஒன்றிரண்டின் எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. தூண்டில்காரர் மகிழ்ந்திருப்பார். உண்மையில் அது கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமத்தின் கணக்கு. குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை.

அணைகள், மணல் அள்ளுதல், வெடி என்று காரணங்கள் பல. ஆராய்ச்சியாளர்கள் சந்தேகிக்கும் இன்னொரு காரணம்தான் சங்கடமானது. மாசீரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு, பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகளை ஆண்டுக்கணக்கில் காவிரியில் விட்டார்கள். அது வேறு இனம். வந்தது பெருகியது, இருந்தது குறைந்தது. 'மாசீர் பெருகுகிறது' என்று எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள்.

யாரும் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக உலகமே படம் எடுத்துக்கொண்ட அந்தத் திமில் மீனுக்கு, விஞ்ஞானத்தில் உறுதியான பெயரே இல்லை. பெயரில்லாததை ஆபத்துப் பட்டியலில் சேர்ப்பது எப்படி? 2007-ல் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மாசீர் ஒன்றுக்கு, மீனியல் அறிஞர் ரெமா தேவியைக் கௌரவிக்கும் வகையில் 'டோர் ரெமாதேவி' என்று பெயரிட்டிருந்தார்கள். பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரியில் சேர்வதுதான். மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டு, திமில் மாசீரும் அதுவும் ஒன்றே என்று கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் உள்ளிட்ட குழு 2018-ல் நிறுவியது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பிலுள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே ஆண்டில் பெயர்சூட்டும் மரண எச்சரிக்கையும்.

இதற்கிடையில் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் தூண்டிலும் வேட்டைதான் என்ற வாதம் வென்று, 2012-ல் அங்கே மீன்பிடிப்பு நின்றது. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. அதற்குச் சமாதானம் சொல்வது எளிதல்ல. ஆனால் தூண்டிலோடு பதிவேடும் மூடப்பட்டது. இரவில் வெடிச் சத்தம் கேட்டால் ஓடிச் செல்லச் சம்பளம் வாங்கிய ஆட்களும் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

பங்குனி வந்தால் தண்ணீர் இறங்குவதும் பாறைகள் தெரிவதும் மாறவில்லை. மடுவில் இன்னும் எத்தனை கிழட்டு மீன்கள் இருக்கின்றன என்று எழுதி வைக்கத்தான் கரையில் ஆளில்லை.