சொல்லக் கூடாத மூன்று சொற்கள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் தோழிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெண்ணியம் பேசுகிறவள் 1952ஆம் ஆண்டு இல்லத்தரசியைப் பார்த்து எதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். நியாயமான கேள்விதான். அந்தத் தொடர்கள் ஓடிய காலத்தில் அந்த நாட்டில் நான் இருந்ததில்லை. ஆகவே இது பால்யத்தின் மீதான ஏக்கம் இல்லை. எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் கழித்து, இணையத்தில், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளின் துணையோடு பார்த்தேன். என்னைப் பிடித்து உட்கார வைத்தவை சொற்கள். அதிலும் அங்கே சொல்ல அனுமதிக்கப்படாத சொற்கள்.

முதல் சொல், கர்ப்பம்.

'ஐ லவ் லூசி' 1951 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. லூசியாக லூசில் பால் நடித்தார். கணவன் ரிக்கியாக நடித்தவர் அவருடைய நிஜக் கணவர், கியூபாவில் பிறந்த இசைக்கலைஞர் டெசி ஆர்னாஸ். அடுத்த ஆண்டு லூசில் பால் உண்மையிலேயே கர்ப்பமானார். நாற்காலிகளுக்குப் பின்னால் நிறுத்தி வயிற்றை மறைத்துவிடலாம் என்று யோசனை வந்தது. தம்பதி அதை ஏற்கவில்லை. கதையில் லூசியும் கர்ப்பமாகட்டும் என்று முடிவானது. ஆனால் 'பிரெக்னன்ட்' என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரிக்கக் கூடாது. 'எதிர்பார்த்திருக்கிறாள்' என்று சொல்லிக்கொள்ளலாம். வசனங்களை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி என மூவர் படித்துப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றிப் பேச மூன்று மதகுருமார்களின் சம்மதம் தேவைப்பட்டது.

1953 ஜனவரி 19 இரவு லூசிக்குக் குழந்தை பிறந்தது. அன்று காலைதான் லூசில் பாலுக்கு அறுவைச் சிகிச்சையில் மகன் பிறந்திருந்தான். தொலைக்காட்சி இருந்த பத்து வீடுகளில் ஏழுக்கும் மேல் அந்தப் பகுதியைப் பார்த்தன. மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு.

இதைப் படிக்கும்போது அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. முழுகாமல் இருக்கிறாள், மாசமாக இருக்கிறாள், வாயும் வயிறுமாக இருக்கிறாள், விசேஷம் ஏதாவது உண்டா என்று சுற்றி வளைத்தே பேசிப் பழகிய மொழி நம்முடையது. எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் செய்திக்கு நேரான சொல் மட்டும் வாயில் வராது.

லூசியை நேசிப்பது எளிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணவன் பாடும் கிளப்பில் தானும் மேடையேற வேண்டும் என்பதுதான் அவளுடைய தீராத ஆசை. அதற்காக வேஷம் போடுவாள், பொய் சொல்வாள், மாட்டிக்கொள்வாள். கடைசியில் பெரும்பாலும் வீட்டுக்கே திரும்புவாள். சில பகுதிகளில் ரிக்கி அவளைக் குழந்தையைப் போல மடியில் கிடத்தி அடிக்கிறான். அந்த இடத்தில் எழும் சிரிப்பு, பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்துப் படமாக்கியபோது கேட்ட நிஜச் சிரிப்பு. அதில் பெண்களின் குரலும் உண்டு. அந்தக் காட்சிகள் வரும்போது என் சிரிப்பு நின்றுவிடும். ஆனாலும் தொடரை நிறுத்த மாட்டேன். ஏனென்றால் சாக்லேட் தொழிற்சாலைப் பகுதியும் அதே தொடரில்தான் இருக்கிறது. பட்டை வேகமெடுக்க, லூசியும் தோழி எத்தலும் சாக்லேட்டுகளை வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிப்பார்கள். அதே நேரத்தில் வீட்டு வேலையை ஏற்ற கணவன்மார் சமையலறையை நாசம் செய்துகொண்டிருப்பார்கள். எழுத்தாளர் குழுவில் மெடலின் பியூ என்ற பெண் இருந்தார் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

திரையில் மேடை மறுக்கப்பட்ட அந்தப் பெண், 1960இல் டெசியை விவாகரத்து செய்தார். 1962இல் அவருடைய பங்கை விலைக்கு வாங்கி, இருவரும் சேர்ந்து தொடங்கிய டெசிலு நிறுவனத்தின் தலைவரானார். 'ஸ்டார் ட்ரெக்' 1966இல் அங்கிருந்துதான் வெளிவந்தது.

இரண்டாவது சொல், விவாகரத்து.

1970இல் தொடங்கிய 'மேரி டைலர் மூர் ஷோ'வின் நாயகி மேரி ரிச்சர்ட்ஸுக்கு வயது முப்பது. மினியாபொலிஸ் நகரில் ஒரு செய்தி நிலையத்தில் வேலை, தனி வீடு. அவளை விவாகரத்தானவளாகக் காட்டவே ஆசிரியர்கள் முதலில் நினைத்தார்கள். தொலைக்காட்சி நிறுவனம் மறுத்தது. அறுபதுகளில் மேரி டைலர் மூர், டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்துப் புகழ்பெற்றிருந்தார். அவரையே விவாகரத்து செய்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களாம்! எனவே, காதலனைப் பிரிந்து வந்த கல்யாணமாகாத பெண்ணாக மேரி மாறினாள்.

மேரி செயலாளர் வேலை கேட்டுப் போகிறாள். அந்த இடம் நிரம்பிவிட்டது. இணைத் தயாரிப்பாளர் பதவி கிடைக்கிறது. சம்பளம் மட்டும் செயலாளர் வேலையைவிட வாரத்துக்கு 10 டாலர் குறைவு. அலுவலகத்தில் மற்றவர்கள் முதலாளியை 'லூ' என்று பெயர் சொல்லிக் கூப்பிட, அவள் மட்டும் கடைசிவரை 'மிஸ்டர் கிராண்ட்' என்பாள். 1972இல் வந்த ஒரு பகுதியில், தனக்கு முன் அதே வேலையைப் பார்த்த ஆணுக்கு வாரம் 50 டாலர் அதிகம் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவருகிறது. அவனுக்குக் குடும்பம் இருந்தது என்பது லூ சொல்லும் காரணம். அந்தக் காரணத்தை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்காத வேலைக்காரப் பெண் நம்மில் யார்?

நாயகிக்கு மறுக்கப்பட்ட அந்தச் சொல் பிறகு பக்கத்து வாசல் வழியாக உள்ளே வந்தது. லூவின் மனைவி ஈடி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்று கணவனை விட்டுப் போகிறாள். அதை எழுதிய ட்ரீவா சில்வர்மன் 1974இல் எம்மி விருது பெற்றார்.

மூன்றாவது சொல், கருக்கலைப்பு.

1972 நவம்பரில் 'மோட்' தொடரின் இரண்டு பகுதிகளில் அது பேசப்பட்டது. பியா ஆர்தர் நடித்த மோட், 47 வயதில் எதிர்பாராமல் கருவுறுகிறாள். நியூயார்க் மாநிலத்தில் கருக்கலைப்பு 1970 முதலே சட்டப்படி செல்லும். மகள் தைரியம் சொல்கிறாள், கணவன் முடிவை அவளிடமே விடுகிறான், மோட் முடிவெடுக்கிறாள். அவளுக்கு யாரும் தண்டனை தருவதில்லை, கதையில் விபத்தும் நடப்பதில்லை. நாடு முழுவதற்குமான உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்தது அதற்கு இரண்டு மாதங்கள் கழித்துத்தான். 1973இல் மறு ஒளிபரப்பு வந்தபோது பல நிலையங்கள் மறுத்தன, விளம்பரதாரர்கள் விலகினார்கள். 2022 ஜூனில் அதே நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்த பிறகு, இந்தப் பகுதிகளை மறுபடியும் பார்த்தேன். பழைய தொடர் பார்க்கிறோம் என்ற நிம்மதி அன்று வரவில்லை. மோட் இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் அந்த முடிவை எடுக்க முடியாது.

மோட் இவ்வளவு பேசும்போது அவள் வீட்டு வேலையைச் செய்தவள் ஃப்ளோரிடா என்ற கறுப்பினப் பெண். அந்தப் பாத்திரத்தில் நடித்த எஸ்தர் ரோல், அவளுக்கென்று தனித் தொடர் அமைந்தபோது, தகப்பன் இல்லாத கறுப்புக் குடும்பத்தைக் காட்ட மாட்டேன், ஃப்ளோரிடாவுக்குக் கணவன் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வெள்ளைப் பெண் கணவனில்லாமல் வாழ்வதைக் காட்டப் போராடிய அதே காலத்தில், கறுப்புப் பெண் கணவனோடு வாழ்வதைக் காட்டப் போராட வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தத் தொடர்களைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

கருக்கலைப்புப் பகுதிகளை எழுதியவர் சூசன் ஹாரிஸ். அவரே 1985இல் 'தி கோல்டன் கேர்ள்ஸ்' தொடரை உருவாக்கினார். மயாமியில் ஒரே வீட்டில் வாழும் நான்கு முதிய பெண்கள்: பியா ஆர்தர், பெட்டி ஒயிட், ரூ மெக்லனஹன், எஸ்டெல் கெட்டி. நால்வருமே எம்மி வாங்கினார்கள். பியா ஆர்தரின் தாயாக நடித்த எஸ்டெல் கெட்டி, நிஜத்தில் அவரைவிட ஒரு வயது இளையவர். நடு இரவில் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சீஸ்கேக் சாப்பிட்டபடி மாதவிடாய் நிற்பது, ஆசை, கடன், மரணம் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மேசைதான். ஒருத்தி முடித்ததும் இன்னொருத்தி தொடங்குவாள். மெதுவாகப் பேசு, யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.