கோரிமேட்டுப் பட்டறை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில் கோரிமேடு இருக்கிறது. மே மாத லீவு விட்டால் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அங்கே கார் பட்டறை வைத்திருந்தார். தகரக் கூரை, அதன்மேல் புளியமரத்து நிழல், வருஷக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்து இறுகிப்போன தரை, அதில் செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்காலில் ஏறும் வழவழப்பு, மண்ணெண்ணெயில் ஊறும் நட்டு போல்ட்டுகளின் வாசனை, அதோடு கலந்து வரும் பக்கத்துக் கடைப் போண்டா வாசனை, யாரும் கேட்காவிட்டாலும் பாடிக்கொண்டே இருக்கும் ரேடியோ. தலையை நிமிர்த்தினால் சேர்வராயன் மலை நீலமாக நிற்கும்.

அந்த மலைதான் பட்டறைக்குச் சோறு போட்டது. ஏற்காட்டுக் கோடை விழா சமயத்தில் கார்கள் வரிசையாக ஏறும். 20 கொண்டை ஊசி வளைவுகள். தாழ்ந்த கியரில் எஞ்சின் அலறிக்கொண்டு சுற்றும், வண்டியோ மெதுவாகத்தான் நகரும், ரேடியேட்டர் மேல் அடிக்க வேண்டிய எதிர்காற்று அடிக்காது. பாதி மலையில் கொதித்துப்போய், வந்த வழியே திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்துவார்கள். பெரும்பாலும் அம்பாசடர், இல்லாவிட்டால் பத்மினி. பின் சீட்டில் புளிச்சோற்றுத் தூக்கும், அழுது ஓய்ந்த குழந்தைகளும்.

"ஏனுங்க மேஸ்திரி, புகையாட்டம் ஆவி வருதுங்க" என்று இறங்கும்போதே கை பானட்டுக்குப் போகும். "மூடியைத் தொடாதீங்க சாமி, முதல்ல உக்காருங்க" என்பார் மாமா. அடைத்த மூடிக்குள் அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாகச் சீறிவிடும். மாமாவின் வலது முன்கையில் ஒரு வெந்த தழும்பு உண்டு, நாமக்கல் லாரிப் பட்டறையில் பையனாக வேலை பழகிய காலத்தில் பட்டது.

வண்டி ஆறுகிற வரைக்கும் வந்தவர்களுக்கு டீ வாங்கி வருவது என் வேலை. ஆறியதும் மாமா பார்க்கத் தொடங்குவார். அவசரமே கிடையாது. ஓஸை அமுக்கிப் பார்ப்பார், கிளிப்பைத் தடவுவார், வாட்டர் பம்புக்கு அடியில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ரேடியேட்டரில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் அதுதான் ஒழுக்கு. தண்ணீர் காய்ந்து போனாலும் எங்கள் பக்கத்துக் கிணற்று உப்பு தடம் காட்டிவிடும். அதே உப்புதான் ரேடியேட்டருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களில் படிந்து அடைப்பதும். அதனால் மழை பெய்தால் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பார் மாமா, காருக்காக. அத்தைக்கு அதில் வருத்தம்தான்.

வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், மாமாவின் முகம் மாறும். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி என்னிடம் நீட்டுவார். "என்ன நிறம் கண்ணு?" பால் விட்ட டீ மாதிரி இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. ஒரு பிளக் மட்டும் ஆவியில் கழுவினதுபோலப் பளிச்சென்று வெளியே வந்தால், தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் போகிறது. கடைசியாக, ஆறின எஞ்சினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் வாயைப் பார்க்கச் சொல்வார். ஸ்டூல் மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "குமிழி வருது மாமா!" என்று நான் கத்தும்போது, அந்தக் காரையே நான்தான் ரிப்பேர் செய்கிறேன் என்று எனக்கு நினைப்பு. பட்டறைப் பையன்கள் சிரிக்க மாட்டார்கள். "கேஸ்கட்தான் மேஸ்திரி" என்று என்னோடு சேர்ந்து சொல்வார்கள்.

எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைத் தூக்கினால், அதற்கடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட் தெரியும். செம்புத் தகடு, நடுவில் ஆஸ்பெஸ்டாஸ். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கரி பிடித்து ஒரு சின்ன வழி எரிந்திருக்கும். மாமா அதை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டுவார். அந்த ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்குக் கேடு என்று இன்றைக்குத் தெரியும், அன்றைக்கு எல்லோரும் வாயால் ஊதித்தான் தூசு போக்கினோம்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, ஹெட்டின் மேல் இரும்புப் பட்டையை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். பத்மினியின் ஹெட் அலுமினியம். சூட்டில் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். கொதித்த வண்டியில் யாராவது பச்சைத்தண்ணீரை ஊற்றியிருந்தால் அது வளைந்து நிற்கும், லேத் பட்டறைக்குப் போய் முகம் சீவிக்கொண்டு வர வேண்டும். பிறகு புது கேஸ்கட். நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாகத்தான் இறுக்குவார். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுநாள் காலை இன்னொரு தடவை. "இன்னைக்கே குடுத்துருங்க" என்று யார் கெஞ்சினாலும் அந்த மறுநாள் மாறாது.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி ஓட்டி வரும் டிரைவர்கள் உண்டு. ஊர் போய்ச் சேர உதவும், மாமா அதைக் குறை சொன்னதில்லை. ஆனால் அடுத்த வேலை அந்தக் குழாய்களையெல்லாம் குத்திச் சுத்தம் பண்ணுவதுதான். கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம், தண்ணீர் எங்கே போச்சு என்று கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் அதுவும் போகும் என்பது அவர் கணக்கு. நானும் அதைத்தான் நம்புகிறேன்.

இப்போது கேஸ்கட் பல அடுக்கு எஃகில் வருகிறது. கிணற்றுத் தண்ணீருக்குப் பதில், துருப்பிடிக்காமல் காக்கிற கூலண்ட் ஊற்றுகிறோம். மலை மட்டும் அதே மலை. இந்த மே மாதம் ஏற்காடு போவதாக இருந்தால், கிளம்பும் காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே கூலண்ட் அளவைப் பாருங்கள். ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புப் பக்கம் சாய்ந்தால் இடம் பார்த்து ஓரங்கட்டி, நன்றாக ஆறுகிற வரைக்கும் மூடியைத் தொடாமல் இருங்கள்.