ரவுட்டருக்கு அடியில்

என் கணினி மதுரை வீட்டில் இருக்கிறது. வார நாட்களில் நான் இருப்பது திருநெல்வேலியில். பத்து வருடக் குறிப்புகளும் பாதியில் நிற்கும் கவிதைகளும் அந்தக் கணினிக்குள்தான். இரவில் விடுதி அறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே அதைத் திறந்து எழுதுவேன். ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அத்தை கணினியைப் போட்டுவிட்டும் எனக்குத் திறக்கவில்லை.

"ரவுட்டர்ல ஏதாவது மாறியிருக்கும். நான் பாத்துக்கறேன், நீ கை வைக்காத" என்றார் கணவர். ஐந்து சனிக்கிழமைகள் போயின. கடவுச்சொல்லைக் கேட்டால் எங்கேயோ எழுதி வைத்திருப்பதாகச் சொல்வார். இணையக் கட்டணம் என் சம்பளத்தில்தான் போகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆறாவது சனிக்கிழமை, தூசி துடைக்க ரவுட்டரைத் திருப்பினேன். அடியில் ஒட்டியிருந்த தாளில் பயனர் பெயர், கடவுச்சொல். போட்டேன், திறந்தது. யாரும் அதை மாற்றியிருக்கவேயில்லை.

வெளியிலிருந்து 3389ஆம் போர்ட்டுக்கு வருவதையெல்லாம் 192.168.1.5க்கு அனுப்பு என்று உள்ளே ஒரு விதி. கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதிதாக முகவரி பங்கிட்டதில் என் கணினிக்கு 8 கிடைத்திருக்கிறது, 5 டிவிக்குப் போய்விட்டது. ஐந்து வாரமாக டிவியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! கணினிக்கென்று நிலையாக ஒரு முகவரியை ஒதுக்கினேன்.

வீட்டுக்குள் திறந்தது. செல்போன் டேட்டாவில் திறக்கவில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும்போது நிறுவனங்கள் தருபவை. வெளியிலிருந்து வருபவருக்கு நம் வாசல் தெரியாது. தனி முகவரி கேட்டு நிறுவனத்தை அழைத்தேன்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல மேடம்? சாரைப் பேசச் சொல்லுங்க."

சொல்லவில்லை. வீட்டுக் கணினியிலும் மடிக்கணினியிலும் ஒரு விபிஎன் போட்டேன். இரண்டுமே உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்கின்றன, வாசலைத் திறந்து வைக்கத் தேவையில்லை. 3389 விதியை அழித்தேன். திருடர்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கும் கதவு அது. ரவுட்டர் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அவர் கேட்டால் சொல்வேன். இதுவரை கேட்கவில்லை.

திங்கள் இரவு மறுபடி திறக்கவில்லை. அத்தையை அழைத்தேன்.

"ரவுட்டர்ல லைட் எரியுதா அத்தை?"

"படுக்கப் போறப்ப அமத்திட்டேனே. கரண்டு பில்லு ஏறுதுல்ல?"

"நான் எழுதணும் அத்தை."

"இரு, போடுறேன். முடிச்சிட்டுச் சொல்லு, அமத்திட்டுப் படுக்கறேன்."

அப்போது மணி பதினொன்று. ஒன்றரைக்கு அழைத்தபோது முதல் மணியிலேயே எடுத்தார்.