எங்க தாத்தனுக்கும் பயம் இருந்தது

எங்க தாத்தன் வெட்டியான். தர்மபுரி பக்கத்துல ஒரு ஊர். ஊர் பேர் எதுக்கு? எல்லா ஊருக்கும் ஒரு சேரி இருந்தது, எல்லாச் சேரியிலயும் ஒரு வெட்டியான் இருந்தான். ஊருக்குள்ள சாவு விழுந்தா எங்க ஊட்டு வாசல்லதான் மொதல்ல ஆள் வந்து நிக்கும். தாத்தன் எழுந்து போய் எட்டு ஊருக்கு இழவு சொல்லணும். மேளத்துக்கு ஆள் கூட்டணும். பாடை கட்டணும். புதைக்கிறதா இருந்தா குழி வெட்டணும், எரிக்கிறதா இருந்தா விடிய விடிய உட்கார்ந்து எரிக்கணும். இதுக்குக் கூலி கொஞ்சம் தானியம், பொணத்து நெத்தியில வெச்ச காசு, ஒரு பாட்டில் சாராயம்.

"அவனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று ஊரே சொல்லும். பொழுது போனால் சுடுகாட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாத ஆண்டைகள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரே பெருமை. பள்ளிக்கூடத்தில் வேறு எதற்கும் பெருமைப்பட வழியில்லாத பையனுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ராத்திரி ஆயா களியைத் தூக்குல போட்டுக் குடுத்து அனுப்பியது. தாத்தன் கையில் தடி. நெருப்புல நரம்பு இழுத்துப் பொணத்தின் கை கால் தூக்கும். தாத்தன் தடியால் அமுக்கிக்கொண்டே பேசும்: "படு ஆண்டே, சும்மா படு. உசுரோட இருந்தப்ப நிமுந்து பாத்ததில்ல. இப்பதான் உன்ன அதட்டறன்." எனக்குச் சிரிப்பு வந்தது. பயமாக இல்லையா தாத்தா என்று கேட்டேன். "பயந்தா களி ஆருடா போடுவான்?" என்றது. அதை வீரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

1991ல் தாத்தன் சாகக் கிடந்தது. நான் அப்போது தர்மபுரியில் படித்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்தேன். விளக்கை அணைக்க எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டது. "அணைக்காத கண்ணு. பயமா இருக்குது." ஆயுசெல்லாம் சுடுகாட்டு இருட்டுல உட்கார்ந்திருந்த கை, நடுங்கியது. "உனக்கா தாத்தா பயம்?" என்றேன். "ஒவ்வொரு தடவயும் பயந்தன்டா. சாராயத்த உள்ள ஊத்துனாத்தான் காலு சுடுகாட்டுக்கு நடக்கும். அதனாலதான அவனுங்க கூலிக்கு முன்ன அதக் குடுத்தானுங்க."

நாலாம் நாள் செத்துப் போனது. எங்கள் சுடுகாட்டுக்குத் தனிப் பாதை கிடையாது. ஒருத்தர் பட்டா நிலத்து வரப்பில்தான் போகணும். அந்த வருசம் கடலை போட்டிருந்தார், விடமாட்டேன் என்றார். ஊருக்கெல்லாம் குழி வெட்டினவரை முழங்கால் சேற்றில் ஓடைக்குள் தூக்கிக்கொண்டு போனோம். சாவு எல்லாருக்கும் பொது என்று பேசுகிறவர்கள் இரண்டு சுடுகாட்டுக்கும் போகிற வழியைப் பார்த்தவர்கள் இல்லை. எங்க ஊர்க் கதை மட்டுமல்ல இது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் வழி மறுக்கப்பட்டு, பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கியதை எல்லோரும் வீடியோவில் பார்த்தார்கள்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் இயக்கத்துக்கு வந்த பிறகு என்ன செய்தேன்? சுவரெல்லாம் எழுதினேன், நாம் சாவுக்கு அஞ்சாத சமூகம் என்று. கூட்டத்தில் பேசினேன். கைதட்டினார்கள். ஆண்டைகள் என் தாத்தனைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் மையில் எழுதிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தது நத்தம் காலனி.

2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய சேரிகளைக் கொளுத்தினார்கள். நத்தம் பையன் இளவரசனும் வன்னியர் வீட்டுப் பெண்ணும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்ட அன்றைக்கு இது நடந்தது. 250க்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பீரோ, வண்டி, நகை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயின.

சில நாள் கழித்து நாங்கள் நாலைந்து பேர் போனோம். கூட வந்த தோழர் ஒருவர் ஆத்திரத்தில், "ஓடியிருக்கக் கூடாது. நாலு பேராவது எதுத்து நின்னிருக்கணும்" என்றார். கரிந்த வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி தலையைத் தூக்கியது. "நீ எங்க சாமி இருந்த அன்னிக்கு? பயந்தோம். ஓடுனோம். கொல்லைக்குள்ள புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்தோம். ஊடு போச்சு. ஒரு உசுரு போவல. நாங்க பயந்ததாலதான் நீ வந்து பேசறதுக்கு ஆள் இருக்குது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. நான் கீழ்வெண்மணியை நினைத்துக்கொண்டு வந்தேன். 1968 டிசம்பர் 25ல் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரைத் தியாகிகள் என்கிறோம். சரிதான். ஆனால் அந்தப் பெண்களும் குழந்தைகளும் தியாகம் செய்யவா அந்தக் குடிசைக்குள் போனார்கள்? உயிருக்குப் பயந்து போனார்கள். வாழணும் என்று போனார்கள். அந்தப் பயத்தை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் எழுதினால், அவர்கள் வாழ ஆசைப்பட்டதையே நாம் அழித்துவிடுகிறோம்.

2013 ஜூலை 4ல் தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்து ஓரம் இளவரசன் பிணமாகக் கிடந்தான். தற்கொலையா கொலையா என்று வழக்கும், மறு பிரேதப் பரிசோதனையும், நீதிபதி சிங்காரவேலு ஆணையமும் நடந்தன. அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. அதற்குப் பிறகு எங்கள் காலனித் தாய்களுக்கு வந்த பயத்தைச் சொல்கிறேன். பையன் போன் அணைந்திருந்தால் சோறு இறங்குவதில்லை. யாரோடு சிரித்துப் பேசினான் என்று விசாரிக்கிறார்கள். வயசாகிச் சாவதற்கு அவர்கள் இவ்வளவு அஞ்சுவதில்லை. சாவு பயம் வேறு, கொலை பயம் வேறு. மனுசனாப் பொறந்த எல்லாருக்கும் மொதல் பயம் உண்டு. எங்களுக்கு ரெண்டும் உண்டு.

அப்படியானால் பயமில்லாதவர்கள் என்ற பட்டத்தை எங்களுக்கு ஏன் கொடுத்தார்கள்? சாக்கடைக் குழியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாத்தம் அடிக்கும். அளவு மீறினால் மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் போச்சு என்று இறங்குகிறவன் ஏறி வருவதில்லை. அந்தக் குழிக்குள் இறங்குகிறவனும் குடித்துவிட்டுத்தான் இறங்குகிறான், என் தாத்தன் போல. மரத்துப் போனதற்குத்தான் தைரியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இவனுக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டால் கையுறை வேண்டாம், முகமூடி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். 2014 மார்ச் 27ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20ல் அதை 30 லட்சம் ஆக்கியது. செத்த பிறகு தருகிற விலை ஏறியிருக்கிறது. இறங்க மாட்டேன், எனக்குப் பயமாயிருக்கிறது என்று ஒருத்தன் சொன்னால் அதைக் கேட்கிற காது இன்னும் வரவில்லை.

மேளம் அடிக்க மாட்டோம், குழி வெட்ட மாட்டோம் என்று நம் ஊர்கள் பலவற்றில் எழுந்து நின்றார்கள். அடி வாங்கினார்கள், கூலி வேலை இழந்தார்கள். அவமானத்தை மறுத்த போராட்டம் என்று அதை எழுதினோம். பயப்படுகிற உரிமைக்கும் அது போராட்டம்தான் என்று இப்போது தோன்றுகிறது. என் நைனா அந்தத் தடியை வாங்க மறுத்தபோது, "எனக்கு ராத்திரில அங்க இருக்க முடியாது" என்றுதான் சொன்னாராம். வேறு தத்துவம் ஒன்றும் பேசவில்லை.

என் பையன் இப்போது பத்தாவது படிக்கிறான். ராத்திரி கொல்லைப் பக்கம் போக டார்ச் கேட்பான், கூட ஆள் கேட்பான். "வெட்டியான் பேரன் ஊட்டுப் புள்ளயாடா நீ?" என்று பங்காளிகள் கேலி செய்வார்கள். போன வாரம் என்னிடம் வந்து, "தாத்தாவோட நைனாவுக்குப் பயமே இல்லியாமே, நெசமா?" என்றான்.

"இல்லடா. ரொம்பப் பயந்தாரு. சொல்லத்தான் உடல" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வா நைனா, கூட வா" என்றான். போனேன்.